நான் உட்காரும் பக்கம்

என் மனைவியை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது கணுக்காலுக்குக் கீழே மட்டும்தான்.

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், தம்பி. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகமே அவ்வளவுதான் தெரியும். பால்காரர் என்றால் வெடித்த குதிகால். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்றால் இடது கட்டைவிரலில் நகம் இல்லாத கால். பதினோரு வருஷம் இந்தப் போர்டிகோவில் மல்லாந்து கிடந்திருக்கிறேன். கணபதியில் இந்த வீதிக்காரர்களை முகத்தைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியாது. காலைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

அன்றைக்குப் பச்சைப் பட்டுப் புடவையின் கரை தெரிந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிரில்லுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. பட்டுப் புடவைக்கு யாராவது கான்வாஸ் ஷூ போடுவார்களா? மூட்டு வலிக்கு டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. வாயில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வண்டி ஓடுமா?" என்றாள் துளசிமணி.

போல்ட்டை எடுத்துவிட்டுச் சொன்னேன். "ஓடாம என்ன? ஓடற என்ஜின் மேல ஒத்தை ரூவாயை நிறுத்தி வெச்சா, விழாம நிக்கும்."

"அப்பப் பொள்ளாச்சிக்கு இதுலயே போயிரலாமுங்களா? கலாமணி பேரனுக்குக் காது குத்தறாங்க. பத்தரைக்கு முகூர்த்தம்."

கலாமணி அவள் தங்கை.

"முன்னாடி பம்பர் இன்னும் குரோம் போட்டு வரலையே, அம்மிணி."

"பம்பர் இல்லாம ஓடாதுங்களா?"

பாருங்கள், இத்தனை வருஷம் இந்த வண்டியோடு இருந்தும் வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சிரித்துவிட்டேன். "ஓடும். ஆனா மானம் போயிரும். முன்பல்லு இல்லாம விசேஷத்துக்குப் போற மாதிரி."

"மானம் போனாப் பரவால்லீங்க. நேரம் போகுது."

"அடுத்த பொங்கலுக்குப் போலாம். பம்பரோட போலாம்."

அந்த ஷூ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் திரும்பி கேட் பக்கம் போனது. உக்கடத்தில் பஸ் ஏறியிருக்கிறாள். கிணத்துக்கடவு தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பதினாலு மாதம் ஆகிறது.

பம்பர் மூன்றாம் நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். குரோம் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.

காபி குடியுங்கள், ஆறிவிடும். அந்தப் பிளாஸ்க்கைப் பார்க்கிறீர்களா? அது எனக்குக் கொடுத்த பரிசு. அந்த அநியாயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் திருப்பூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், என் மகன் மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு. விலையை அவனிடமே பேசிக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றி என்னிடம் கேளுங்கள். தொட்டும் பார்க்கலாம், மோதிரத்தைக் கழற்றிவிட்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் செய்த மாரிஸ் மைனர். ரிட்டயர் ஆன அந்த மாதமே பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் இதைப் பார்த்தேன். உள்ளே கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. பின் சீட்டுக்கு அடியில் மூன்று முட்டை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினபோது துளசிமணி வெளியே வந்து பார்த்தாள். "இது எப்பங்க ஓடும்?" என்றாள். "ஆறு மாசம்" என்றேன். அவள் முட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மெக்கானிக் யாரையும் நான் உள்ளே விட்டதில்லை. எல்லாம் நானே படித்துக்கொண்டது. ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். ஸ்டோர்ஸில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். கழற்றிய சாமான் தரையில் கிடக்கக் கூடாது. டப்பாவில் போட வேண்டும், டப்பாமேல் சீட்டு ஒட்ட வேண்டும். வண்டிக்கும் அதே சட்டம். ஆனால் என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. அதனால் சீட்டு எழுதுவது துளசிமணி வேலை. நான் கீழே படுத்தபடி சொல்வேன், அவள் முக்காலியில் உட்கார்ந்து எழுதி ஒட்டுவாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். சமையலறைச் சம்படம், பிஸ்கட் டப்பா, ஊறுகாய் ஜாடி, எதையும் விடவில்லை. நாலு வருஷத்தில் சமையலறையில் ஒரு டப்பா மிச்சம் இல்லை. அவள் உளுந்தையும் துவரம்பருப்பையும் வாங்கி வந்த கவரிலேயே முடிந்து வைத்துக்கொண்டாள். மனசு ஒத்த குடும்பம், தம்பி.

ஒரே குறை. நான் சொன்னதை அப்படியே எழுத மாட்டாள். "இடது முன்கதவு, மேல் கீல்" என்று சொன்னால், "நான் உட்காரும் பக்கம் கதவு, மேல் கீல்" என்று எழுதுவாள். அதோ பாருங்கள், அந்த நீல டப்பாவை. "நான் உட்காரும் பக்கம்." வண்டி அப்போது வெறும் கூடு. சீட்டே கிடையாது. இவள் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வண்டிக்கு விளக்கு சிக்னல் இல்லை. கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். இடது பக்கத்துக் கைக்காக நான் இரண்டு வருஷம் அலைந்தேன். கடைசியில் காரைக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதற்குள் இவள், "அந்தப் பக்கம் நாந்தானே உக்காரப் போறேன், நானே கையை நீட்டிக் காட்டறேன், போதாதுங்களா?" என்கிறாள். ஒரிஜினல் என்றால் என்ன என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை.

வலது பக்கக் கதவைக் கடைசியாகத்தான் கழற்றினேன். அவள் போவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால். அந்தக் கதவை வைத்துத்தான் ஒரு வாரம் என் உயிர் போனது. பெயிண்ட் அடித்து மாட்டுகிறேன், சாத்தவில்லை. அரை விரல் இடைவெளி நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், கீலுக்குத் தகடு கொடுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள்தான் தெரிந்தது, இரண்டு டப்பா சாமானும் கலந்து போயிருக்கிறது. ஏன் கலந்தது? அந்தச் சிவப்பு டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள். சத்தமாகப் படியுங்கள்.

ஆமாம். அதிலும் "நான் உட்காரும் பக்கம்"தான்.

"ஏம்மா, இடது எது வலது எதுன்னு அறுபது வயசுக்கு மேல மறந்து போச்சா?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரு வார வேலை வீண் இல்லையா? அவள் ஸ்டியரிங் இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு, "மறக்கலீங்க, சரியாத்தான் எழுதுனேன்" என்றாள். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

காது விஷயம் சொன்னேனா? இல்லையா? கண் போனாலும் என் காது போகவில்லை. ஒரு வண்டி வீதி முனையில் திரும்பும்போதே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். இரண்டே முக்கால் வருஷத்துக்கு முன்னால் இருக்கும், தினமும் காலையில் ஏழே கால் மணிக்கு ஒரு வண்டி இந்தப் பக்கம் போகும். துளசிமணி மார்க்கெட்டுக்கென்று பையை எடுத்துக்கொண்டு போவாள், கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி வரும். கிளட்ச்சைக் கடித்துக் குதறிக்கொண்டு வரும். நம் கேட்டுக்கு முன்னால் வந்ததும் இரண்டு தடவை ஹாரன். தினமும்! நான் அடியில் இருந்தே கத்துவேன், "எவன்டா அவன்?" என்று.

எட்டரைக்குத் தோசை சாப்பிடும்போது இவளிடம் சொல்வேன். "ஒரு மடையன் கிளட்ச்சைத் தின்னு தீக்கறான். காலை எடுக்கவே மாட்டேங்கறான்."

"பழகறவங்களா இருக்குமுங்க" என்பாள். "போகப் போகச் சரியாயிரும்."

"இவனுக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"வருமுங்க" என்பாள்.

ஆனால் நான் நியாயஸ்தன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அந்த வண்டி வெண்ணெயாட்டம் போனது. கியர் விழுந்தது கேட்கவே இல்லை. அன்றைக்கே சொன்னேன். "மடையன் கத்துக்கிட்டான், அம்மிணி. இனி அவன் எங்கே வேணாலும் போலாம்."

அவள் என் தோசைமேல் ஒரு கரண்டி நெய் விட்டாள். கொலஸ்ட்ரால் என்று ஆறு வருஷமாக எனக்கு நெய்யே காட்டாதவள்.

சரி, அந்தப் பிளாஸ்க் கொடுத்த பந்தயத்துக்கு வருகிறேன். பந்தயம் என்றால் ஓட்டப் பந்தயம் இல்லை. நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். வண்டி எவ்வளவு ஒரிஜினல் என்று பார்த்து மார்க் போடுவார்கள். வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. கோட்டும் தொப்பியும் வாயில் புகையில்லாத பைப்பும். எல்லாரும் வெள்ளைக்காரத் துரைக்குச் சித்தப்பா மகன் மாதிரி நிற்கிறார்கள். அத்தனை பேர் வண்டியும் லாரியில்தான் வந்து இறங்கியது. என் வண்டியும் லாரியில்தான். ரோட்டில் ஓட்டினால் தூசி. தூசிக்கு மார்க் போகும்.

ஒரிஜினலில் நான்தான் முதல். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு மார்க் ஏன் போனது தெரியுமா? வலது கதவு சாத்தவில்லை. ஆமாம், மறுபடியும் அதே கதவு. பார்த்தீர்களா, செத்தும் எனக்கு இரண்டு மார்க் நஷ்டம் வைத்துவிட்டாள்.

அப்புறம் கடைசிக் கட்டம். வண்டியை ஏழு கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்காரர். "பேரு சென்னியப்பன்ங்களா? லைசென்ஸ் குடுங்க சார்" என்றார்.

எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வீட்டில் பேப்பருக்கும் டப்பாதான். "லைசென்ஸ்" என்று துளசிமணி எழுதி ஒட்டிய பவுடர் டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மூடியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தேன். இரண்டு விழுந்தன.

அவர் என்னுடையதை எடுத்துப் பார்த்தார். "சார், இது முடிஞ்சு ஒம்பது வருஷம் ஆச்சு."

எனக்கு எப்படித் தெரியும்? வண்டிதான் ஓடவில்லையே. மொபெட்டில் போனால் இந்த நரைத்த தலையைப் பார்த்து எந்தப் போலீஸ்காரரும் நிறுத்தியதில்லை. "வண்டிக்கு எழுவது வயசுக்கு மேல ஆச்சுங்க, அதை ஓட விடறீங்க. எனக்கு எழுவதுகூட ஆகலை, என்னைய ஓட்ட விட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வண்டிக்குப் பேப்பர் கரெக்ட்டா இருக்குதுங்க சார்" என்றார். அதற்குள் அடுத்ததை எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது செல்லுமே. துளசிமணி. உங்க வீட்டம்மாவா? அப்பப் பிரச்சினையே இல்லீங்க சார். வீட்டுல யாரு ஓட்டினாலும் சரின்னுதான் ரூல். அம்மாவை ஓட்டச் சொல்லுங்க. வந்திருக்காங்களா?"

நான் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவள் போட்டோதான். கன்னத்து மச்சம் எல்லாம் இருந்தது. கார் என்று போட்டிருந்தது.

"வரலைங்க" என்றேன்.

"போனைப் போட்டு வரச் சொல்லுங்க சார். பதினொரு மணி வரைக்கும் டைம் இருக்குது."

"அவ பஸ்ஸுல போயிட்டாளுங்க" என்றேன்.

பின்னால் வரிசையில் நின்ற பைப்பு ஆசாமி, "இவ்வளவு நல்ல வண்டியை வெச்சுக்கிட்டு பஸ்ஸுலயா?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். வண்டியைத் திரும்ப லாரியில் ஏற்றினேன். கலந்துகொண்டதற்காக அந்தப் பிளாஸ்க்கைக் கொடுத்தார்கள். சங்கத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். ஒரிஜினலில் முதலாக வந்தவனைப் பேப்பரைக் காட்டித் தள்ளுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒருவேளை என் கையெழுத்து புரியாமல் இருந்திருக்கும்.

மறுநாள் நேரே நம் ஏரியாவில் இருக்கிற ஒரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கற்றுக்கொடுக்கலாம்? அங்கே சொல்லிக்கொடுப்பது மெர்சி என்று ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "நீங்கதான் மாரிஸ் மைனர் ஐயாவா?" என்றது.

"ஆமா."

"அம்மா முத டெஸ்ட்டுலயே பாஸ் ஆனாங்க ஐயா. ரிவர்ஸ் அவங்க எடுத்தா நான் வெளியே நின்னு வேடிக்கை பார்ப்பேன். தினமும் உங்க வீதி வழியாத்தான் போகணும்பாங்க. கேட்டுக்கிட்ட வந்ததும் ஹாரன் அடிச்சுட்டு ஒரே சிரிப்பு."

"எதுக்குக் கத்துக்கணும்னு சொன்னா?"

"வீட்டுல ஒரு வண்டி இருக்குது, அவரு எப்படியும் ஓட்ட மாட்டாரு, யாராச்சும் ஓட்டணுமில்லன்னு சொன்னாங்க."

எப்படிப் பார்த்தீர்களா? வண்டியைச் சரி பண்ணுகிறவனுக்கு ஓட்ட நேரம் இருக்காது என்று எனக்காகவே யோசித்திருக்கிறாள். இதை என்னிடமே சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருந்தால் நானே கற்றுக்கொடுத்திருப்பேன். பம்பர் வந்த பிறகு.

கிளம்பும்போது மெர்சி ஒன்று கேட்டது. "அந்த வெள்ளை ஷூவை அம்மா இன்னும் போடறாங்களா ஐயா? செருப்புன்னா பெடல்ல வழுக்கும்னு நான்தான் வாங்கச் சொன்னேன். வண்டி எடுக்கற அன்னைக்கு மட்டும் போட்டுக்குவேன், பத்திரமா வெச்சுக்கறேன்னாங்க."

"போட்டுட்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் நானும் அங்கேயே சேர்ந்தேன். வேறு வழியில்லை, ஒன்பது வருஷம் விட்டால் புதுசாக டெஸ்ட் கொடுக்க வேண்டுமாம். இரண்டு தடவை ஃபெயில். அவர்கள் வண்டி சரியில்லை, அதுதான் காரணம். மெர்சிக்கு அது புரியவில்லை. "ஐயா, காலை கிளட்ச்சுலயே வெச்சிருக்கீங்க, எடுங்க, எடுங்க" என்று தினமும் ஒரே பாட்டு. நம் வீதி வழியாகப் போகும்போது கேட்டைப் பார்ப்பேன். எதற்கோ ஹாரனை இரண்டு தடவை அடிப்பேன். போர்டிகோவில் வண்டி நிற்கும். அடியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அதிருக்கட்டும். நீங்கள் இதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே.

கல்யாண மண்டபத்து வாசலிலா? பூ அலங்காரம் பண்ணி? மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவா?

ஓட்டவே மாட்டீர்களா?

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பது மாதிரி பாவம் வேறு எதுவும் கிடையாது. அது ஓடுவதற்காகச் செய்தது. பதினோரு வருஷம் நான் பாடுபட்டது உங்கள் மண்டபத்து வாசலில் நிறுத்தவா? வண்டி என்றால் நாலு பேர் ஏறிப் பொள்ளாச்சிக்கோ எங்கேயோ போய்விட்டு வர வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாதவருக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். அவர்களும் இப்படித்தான்.

ஐயோ, அந்தப் பக்கம் உட்கார வேண்டாம். சீட்டில் பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை. வலது பக்கமும் வேண்டாம், இறங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை, கோழிகளைத் தவிர.

கதவா? அது அவ்வளவுதான் சாத்தும். சரி பண்ணலாம், அரை மணி நேர வேலை. நீல டப்பாவில் இருப்பதையும் சிவப்பு டப்பாவில் இருப்பதையும் பிரித்து மாட்டினால் முடிந்தது. மாட்டிவிட்டால் டப்பா இரண்டும் காலி. காலி டப்பாவுக்கு மேல் சீட்டு இருக்கக் கூடாது, கிழித்துவிட வேண்டும். அது ஸ்டோர்ஸ் சட்டம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

என் மகனிடம் சொல்லிவிடுங்கள், வண்டியில் குறை இருக்கிறது, கதவு சாத்தவில்லை என்று. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவன் இன்னொன்றும் சொல்கிறான், அம்மா லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. எதற்கு? அடுத்த மாதம் எனக்கு மூன்றாவது டெஸ்ட். அது வரைக்கும் இந்த வீட்டில் இந்த வண்டியை ஓட்டுவதற்கு இருப்பது அது ஒன்றுதான்.

இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதம் செல்லும்.